டிசி வாங்காதே, அம்முணி

சென்னிமலை,
ஞாயிற்றுக்கிழமை

அம்முணி,

நேற்று போனில் நீ அழுத அழுகையில் எனக்குப் பாதிதான் புரிந்தது. எழுத்தில் இருந்தால் மாப்பிள்ளையிடமும் காட்டலாம் என்றுதான் கடிதம்.

பள்ளிக்கூடத்தில் டிசி வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள் என்றாயே, வாங்காதே. பேரனுக்குப் புத்தியில் ஒரு குறையும் இல்லை. எழுத்துத்தான் அவனிடம் முரண்டு பிடிக்கிறது.

உன் தம்பிக்கும் இதேதான். ப எது, ம எது என்று தடுமாறுவான். எட்டாவது வரை ஃபெயில் போடாமல் ஏற்றிவிட்டார்கள். 2012-ல் ஒன்பதாவதில் நிறுத்திவிட்டார்கள். "இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க, தறிக்கு அனுப்புங்க" என்றார் வாத்தியார். உன் அப்பா சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தார். எனக்கு வருத்தம் இருந்தது என்று இத்தனை நாள் உன்னிடம் சொல்லி வந்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதிதான். வீட்டில் ஒரு தறி ஆளில்லாமல் கிடந்தது.

இப்போது அவன் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப் போகிறான். அதற்காக வட்டார வள மையத்துக்கு நடந்தபோது அங்கே இருந்த சிறப்பாசிரியர் உட்காரவைத்து விளக்கினார். 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான். எழுத்தில் இப்படித் தடுமாறுவதை டிஸ்லெக்சியா என்கிறார்கள், அதற்கு அதில் இடமில்லை. 2016 சட்டத்தில் 21 ஆக்கியபோதுதான் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து, அதற்கேற்ற மாதிரி சொல்லித்தர வேண்டியது பள்ளிக்கூடத்தின் பொறுப்பு என்றே அதில் இருக்கிறதாம். அரசுப் பள்ளிக்கு மட்டுமில்லை, அங்கீகாரம் வாங்கிய தனியார் பள்ளிக்கும் அதுதான். பரீட்சையில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம், இரண்டாவது மூன்றாவது மொழியிலிருந்து விலக்கு, எல்லாவற்றுக்கும் அதில் வழி இருக்கிறது. பெரியவர்கள் திரும்பப் படிப்பதற்கும் தனியாக ஒரு பிரிவு உண்டு. உன் தம்பி அதைக் கேட்டுவிட்டு, "எனக்கும் சேர்த்தேதான் போட்டிருக்காங்களா?" என்றான்.

அதனால் பேரனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ. குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் பார்த்துச் சான்றிதழ் தரட்டும். மாப்பிள்ளை வீட்டில் பேர் கெட்டுவிடும் என்பார்கள். சொல்லட்டும். பள்ளிக்கூடத்தில் வாயால் கேட்காதே, மனுவாக எழுதிக் கொடு. தனிப் பள்ளிக்கூடம் தேடவும் வேண்டாம். கூட விளையாடுகிற பையன்களோடு அதே பெஞ்சில் உட்காரட்டும். உன் தம்பிக்குப் பாடம் போனதைவிடக் கூட்டாளிகள் போனதுதான் பெரிய அடி. சாயங்காலம் அவர்கள் பந்து விளையாட வந்து கூப்பிட்டால்கூடத் தறிக்குழியை விட்டு எழுந்திருக்க மாட்டான்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். உன் தம்பி நெய்யும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சமூக அறிவியலைச் சத்தமாக வாசிப்பேன். நாடா ஓடிக்கொண்டே இருக்கும், காதில் விழுகிறதா என்றே தெரியாது. ராத்திரி சோறு போடும்போது முதல் உலகப்போர் ஏன் வந்தது என்று வரிசையாகச் சொல்கிறான். எனக்கே அவ்வளவு ஞாபகமில்லை. படித்தது நான்! நீயும் பேரனுக்குப் பாடங்களைப் போனில் வாசித்துப் பதிந்து கொடு. திட்டிக்கொண்டே வாசிக்காதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அப்புறம் எழுதுகிறேன். தறிச் சத்தம் நின்றுவிட்டது, அடுத்த பாடத்துக்குக் காத்திருக்கிறான் போல.

அம்மா