வசனத்தாளைக் கொஞ்ச நாள் பூட்டி வையுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நடுநிலை வகுப்புகளுக்கு நாடகம் சொல்லித்தர வேண்டும் என்று நம் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆறு முதல் எட்டு வரை தமிழ் நடத்தி, கிடைத்த பாடவேளையில் எல்லாம் நாடகமும் நடத்தியவள் நான். நோக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் 'நல்ல வசனத்தை மனப்பாடம் செய்யவைத்தால் மேடைப் பயம் போய்விடும்' என்கிறாரே கட்டுரையாளர், அது சரியில்லை.

வசனத்தை முதலிலேயே கையில் கொடுத்தால் பிள்ளை தன் முறைக்காகக் காத்து நிற்கும், அவ்வளவுதான். எதிரே நிற்பவன் அழுகிறானா, மிரட்டுகிறானா என்பது அதற்கு முக்கியமில்லை. அவன் வாய் மூடியதும் இது கூட்டத்தைப் பார்த்துக் கத்தும். ஆண்டு விழாக்களில் அரசரும் அமைச்சரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே நாட்டை ஆண்டு முடிப்பது இதனால்தான்.

நான் கண்ணாடி விளையாட்டில் தொடங்குவேன். இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் அசைய, மற்றவர் பிம்பம் மாதிரி கூடவே அசைய வேண்டும். முதலில் கையை வெடுக்கென்று இழுத்து எதிராளியை ஏமாற்றத்தான் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். அப்புறம், 'யார் ஆரம்பிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியக் கூடாது' என்று ஒரு நிபந்தனை போடுங்கள். வேகம் தானாகக் குறையும், கண் எதிராளியை விட்டு நகராது. சத்தம் போட்டு அடக்க முடியாத வகுப்பு இதில் அடங்கிப் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று சக ஆசிரியர்கள் சிரிப்பார்கள். இந்த வகை நாடக விளையாட்டுகளை வளர்த்தெடுத்த வயோலா ஸ்போலின், சிகாகோவில் குழந்தைகளோடும்தான் வேலை செய்தார். அவர் மகன் பால் சில்ஸ் 1959இல் அங்கே செகண்ட் சிட்டி நாடக அரங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். தாயின் விளையாட்டுகளை வைத்துத்தான் மகன் வளர்ந்த நடிகர்களைப் பழக்கினார்.

இன்னொன்று. 'சோகமாக நில்', 'கோபமாகப் பார்' என்று சொல்லவே கூடாது. சொன்னால் உதடு பிதுங்கும், புருவம் நெரியும், வேறொன்றும் நடக்காது. நாமே நடித்துக் காட்டுவது அதைவிட மோசம், வகுப்பு முழுக்க நம் நகல்களாகிவிடும். 'இப்படி ஒரு நிலைமை வந்தால் நீ என்ன செய்வாய்?' என்று கேட்க வேண்டும். ரஷ்ய நாடக ஆசான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி நடிகர்களுக்குக் கொடுத்த கருவியும் இந்த 'வந்தால்'தான். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், 'அம்மாவின் மோதிரத்தைப் பையில் வைத்திருந்தாய், இப்போது காணோம், தேடு' என்று மட்டும் சொன்னேன். பரபரவென்று துழாவினாள். பிறகு ஒவ்வொரு நோட்டாக எடுத்து உதறினாள். கடைசியில், ஏற்கெனவே பார்த்து முடித்த சின்ன அறைக்குள் மறுபடியும் விரலை விட்டாள். அந்த இரண்டாவது தேடலை எந்த ஆசிரியராலும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளையும், அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளையும், சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு, வந்ததை ஒரு வார்த்தையும் பேசாமல் நடந்து காட்டச் சொல்வேன். நகை என்கிற சிரிப்பும் வெகுளி என்கிற கோபமும் எல்லாருக்கும் எளிது. இளிவரல் வந்தால்தான் தயங்குவார்கள். அவமானம் என்னவென்று அந்த வயதுக்கு நன்றாகவே தெரியும், வெளியே காட்டத்தான் கூச்சம். அந்தச் சீட்டைக் கட்டாயப்படுத்தாதீர்கள். குரல் உடைகிற வயதில் இருக்கும் பையன்களைச் சத்தமாகப் பேசச் சொல்லியும் வதைக்க வேண்டாம். தோளைத் தூக்காமல் அடிவயிறு வரை மூச்சை இழுத்து, நிதானமாகப் பேசினாலே கடைசி வரிசைக்குக் கேட்கும்.

சத்தமான பிள்ளைக்கு ராஜா வேடம், மற்றவர்களுக்கு மரம், செடி, கொடி என்கிற பங்கீட்டையும் கைவிடலாம். காட்சிக்குக் காட்சி கிரீடம் தலை மாறினால் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் குழம்பாது.

வசனம் எப்போது? ஆண்டின் பிற்பாதியில் போதும். அதுவும் நாம் எழுதித் தர வேண்டாம். நிலைமையை மட்டும் சொல்லி அவர்களைப் பேசவிட்டு, பேசியதில் தேறியதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் அதுதான் நாடகம். அதை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தி