கிராண்ட் டர்க்கில் சும்மா கிடந்த நாள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலமாகத் தூத்துக்குடி வந்து சேர்ந்துவிட்டோம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், கப்பல் சுற்றுலாவில் நாங்கள் ஒரு நாள் இறங்கிய, கரீபியன் பக்கத்துக் கிராண்ட் டர்க் தீவில் என்ன பார்த்தீர்கள் என்று நீ கேட்டதற்கு உன் அம்மா, “ஒன்றும் பார்க்கவில்லை, சும்மாதான் கிடந்தோம்” என்று சொல்லிவிட்டாள். அதன்பிறகு நீ சற்று நேரம் பேசாமல் இருந்ததை நானும் கவனித்தேன். தன்னால் வர முடியாவிட்டாலும் இவ்வளவு செலவு செய்து அனுப்பிவைத்தோமே, இவர்கள் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார்களே என்று நீ வருந்தியிருப்பாய். ஆகவே அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் விவரமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நீ முன்கூட்டியே பணம் கட்டியிருந்த கிப்ஸ் கே படகுப் பயணத்துக்கு நாங்கள் போகவில்லை. அந்தச் சிறு திட்டின் கரையில், ஆழமில்லாத நீரில் நின்றுகொண்டு திருக்கை மீன்களைத் தொட்டுப் பார்க்கலாம் என்று முதல் நாள் இரவு தாளைப் பார்த்துப் படித்துக் காட்டினேன். “ஆயுசு முழுக்கத் திருக்கையைக் குழம்பில் பார்த்தாயிற்று. அதைக் கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு வந்தால், அப்புறம் எந்த முகத்தோடு புளி கரைப்பது?” என்றாள் உன் அம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கடைசி நேரத்தில் ரத்து செய்ததால் பணம் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. அவளுக்குச் சிறிதும் இல்லை.

காலையில் கப்பலின் மேல்தளத்தில் நின்று பார்த்தபோது என்னை நிறுத்திவைத்தது கடலின் நிறம்தான். கரையோரத்தில் நீர் நிறமே இல்லாமல் அடிமணல் தெரியக் கிடந்தது. சற்றுத் தள்ளி வெளிர்பச்சை. அதற்கப்பால், கணக்குப் புத்தகத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தது போலத் திடீரென்று கருநீலம். அந்தக் கோட்டில்தான் கடலடித் தரை செங்குத்தாக இறங்கி 2,000 மீட்டருக்கு மேல் ஆழமாகிவிடுகிறது என்று கேட்டறிந்தேன். கரைக்கு அவ்வளவு அருகிலேயே ஆழம் தொடங்குவதால்தான், நம் தெருவை அப்படியே ஏற்றிக்கொள்ளக்கூடிய அந்தக் கப்பல் கரையை ஒட்டி வந்து நிற்க முடிகிறது. இறங்கி நடந்தால் மணல். வண்டி எதுவும் வேண்டாம்.

தண்ணீர் ஏன் அப்படித் தெளிந்திருக்கிறது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அந்தத் தீவு சுமார் 11 கிலோமீட்டர் நீளந்தான். அதில் ஆறே கிடையாது. நமக்குத் தாமிரபரணி புன்னைக்காயலில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுவதுபோல் அங்கே கொட்ட ஒன்றும் இல்லை. மணலும்கூட, பவளமும் கிளிஞ்சலும் அரைந்து வந்த வெண்மணல். காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்தே வீசுகிறது, நாங்கள் இருந்ததோ மேற்குக் கரை. ஆகவே தீவே காற்றுக்குத் தடுப்பாக நிற்க, கடல் தெப்பக்குளம்போல அலையடங்கிக் கிடந்தது.

துறையை ஒட்டிய இடத்தில் நீச்சல் குளமும் பாட்டும் கூட்டமுமாக இருந்தன. அங்கே சாய்வு நாற்காலிகளுக்குக் காசு கேட்கவில்லை. உன் அம்மா அந்த இரைச்சலை ஒருமுறை பார்த்துவிட்டு வடக்கே நடக்கத் தொடங்கினாள். சற்று தூரத்தில் கவர்னர்ஸ் பீச் என்ற இடம் வந்தது. பார்த்தால், சவுக்கு மரங்கள்! திருச்செந்தூர் போகும் வழியில் பார்க்கிற அதே சவுக்கு. காற்றில் அதே சீழ்க்கை. நிழலில் துண்டை விரித்தோம். சமைத்த உணவைக் கப்பலிலிருந்து கீழே கொண்டுவரக் கூடாது என்பதால், ஊரிலிருந்து பிரிக்காமல் கொண்டுவந்த மக்ரூன் பொட்டலம்தான் எங்கள் காலைப் பலகாரம்.

பிறகு அவள் கடலில் இறங்கினாள். ஆடி அமாவாசைக்குத் திருச்செந்தூரில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் செருப்பைத் தேடுவதுதான் அவள் அறிந்த கடல் குளியல் என்பது உனக்குத் தெரியும். கடலுக்கு அரை மைல் தூரத்தில் பிறந்தவள், யாரும் அவசரப்படுத்தாமல் கடலில் உட்கார்ந்ததை நான் இதற்குமுன் பார்த்ததில்லை. சுடிதாரோடு இடுப்பளவு நீரில் அமர்ந்து கால்களை நீட்டிக்கொண்டாள். கால்விரல் மெட்டி நீருக்கடியில் கரையில் நின்ற எனக்கே பளிச்சென்று தெரிந்தது. விரல் நீளம்கூட இல்லாத கண்ணாடி மீன்கள் அந்த மெட்டியை வந்து வந்து முகர்ந்துவிட்டுப் போயின. கால் அசைந்தால் மீன் போய்விடும் என்று, முட்டிவலிக்காரி அரைமணி நேரம் அசையாமல் இருந்தாள். உள்ளங்கை சுருங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

நான் உன்னைப் போல. சும்மா இருக்கத் தெரியாது. ஒரு மணி நேரம் அவளிடம் விடுப்பு வாங்கிக்கொண்டு, வாடகைக் காரில் காக்பர்ன் டவுனுக்குப் போய்வந்தேன். போனது உப்பளம் பார்க்கத்தான். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெர்முடாவிலிருந்து வந்தவர்கள் தொடங்கிவைத்த பாத்திகள் ஊருக்கு நடுவிலேயே இருக்கின்றன. மழை குறைவு, வெயிலும் காற்றும் அதிகம். உப்புக்கு வேறென்ன வேண்டும்? அமெரிக்கக் கரைகளில் மீன் பதப்படுத்த இந்த உப்பு போயிருக்கிறது. 1960களில் தொழில் நின்றுவிட்டது. இப்போது பாத்திகளில் நீர்ப்பறவைகள் நிற்கின்றன. உப்பு சுமந்த கழுதைகளின் வாரிசுகள் தெருவில் எவருக்கும் கட்டுப்படாமல் திரிகின்றன. மேரி பிரின்ஸ் என்ற பெண் அடிமையாக இந்தப் பாத்திகளில் முழங்கால் நீரில் நின்று காலெல்லாம் புண்ணானதைப் பிற்காலத்தில் லண்டனில் சொல்ல, அது 1831இல் அச்சேறியது. அடிமை வாழ்வை நம் ஊர் உப்பள வேலையோடு ஒப்பிடுவது முறையாகாது. ஆனாலும் முப்பது வருடம் அளத்தில் கணக்கெழுதி, சம்பளத்துக்கு வரிசையில் நின்ற பெண்களின் பாதங்களைப் பார்த்தவனுக்கு அந்த வரப்பில் வெகுநேரம் நிற்க முடியவில்லை.

திரும்பி வந்து சொன்னபோது அவள் கண்ணைத் திறக்காமலே, “இங்கே வந்தும் உப்பளமா?” என்றாள். பக்கத்துக் கடையில் சங்குச் சதையை மாவில் தோய்த்துப் பொரித்து விற்றார்கள்; ஆளுக்கு இரண்டு தின்றோம். மிளகு போதாது என்பது அவள் தீர்ப்பு. அதன்பிறகு இருவருமே சவுக்கு நிழலில் தூங்கிப்போனோம். கடைசியாக இப்படிப் பகலில் ஒன்றாகத் தூங்கியது எப்போது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

கப்பலுக்குத் திரும்பும் வழியில் ஒரு விண்கலத்தின் மாதிரியை வைத்திருக்கிறார்கள். 1962இல் பூமியை மூன்று முறை சுற்றிவிட்டு அட்லாண்டிக்கில் இறங்கிய அமெரிக்க விண்வெளி வீரர் ஜான் கிளென் முதலில் கால்வைத்த தரை இந்தத் தீவுதானாம். அதன்முன் எடுத்ததுதான் உனக்கு அனுப்பிய அந்த ஒரே படம். அம்மாவின் சுடிதாரில் வெள்ளையாகத் தெரிவது மணல் இல்லை, காய்ந்த உப்பு.

அடுத்த முறை நீயும் லீவு எடுத்துக்கொண்டு வா. படகுப் பயணத்துக்கெல்லாம் முன்பணம் கட்டாதே. சவுக்கு நிழலில் விரிக்க இன்னொரு துண்டு நாங்கள் எடுத்து வருகிறோம்; மக்ரூனும் இரண்டு பொட்டலமாக.

அன்புடன்,
அப்பா