கிண்டெட்சு அணியை ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜப்பானின் தனியார் ரயில் நிறுவனங்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை விரும்பிப் படித்தேன். தண்டவாளம் போட்ட நிறுவனங்களே கடை, ஓட்டல், கேளிக்கைப் பூங்கா என்று தொழிலை விரித்துக்கொண்டே போன விதம் நன்றாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் கிண்டெட்சு ரயில் நிறுவனம் நடத்திய ஒசாகாவின் கிண்டெட்சு பஃபலோஸ் பேஸ்பால் அணியை, நஷ்டம் வந்ததால் கைவிடப்பட்ட விளம்பரம் என்று ஒரே வரியில் முடித்திருந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

விளம்பரத்துக்காகத் தொடங்கிய அணிதான், மறுக்கவில்லை. 1949இல் உருவானபோது அதன் பெயர் பேர்ல்ஸ், அதாவது முத்துகள். கிண்டெட்சு ரயில் போகும் இசே-ஷிமா கடற்கரை முத்துக்குப் பெயர் பெற்றது என்பதே காரணம். 1959இல் சிபா ஷிகேரு மேலாளராக வந்ததும் அவருடைய பட்டப்பெயரே அணியின் பெயராகி, பஃபலோ ஆனது. 1961இல் ஒரே பருவத்தில் 103 ஆட்டங்களில் தோற்றார்கள். முதல் லீக் பட்டத்துக்கு 1979 வரை காத்திருந்தார்கள். இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதும் ஜப்பான் தொடரைக் கடைசிவரை வென்றதே இல்லை. இப்படிப்பட்ட அணிக்காகத் தலைமுறை தலைமுறையாக மைதானத்துக்குப் போனவர்களை எந்த விளம்பரம் அழைத்து வந்திருக்க முடியும்?

1988 அக்டோபர் 19ஆம் தேதியை மட்டுமாவது கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். அன்று கவாசாகி மைதானத்தில், கடைசி இடத்தில் இருந்த லோட்டே அணியுடன் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். இரண்டையும் வென்றால் பட்டம் கிண்டெட்சுவுக்கு. ஒன்று சமனில் முடிந்தாலும் பட்டத்துக்குப் போட்டியிட்ட செய்பு அணிக்கு. முதல் ஆட்டத்தை 4-3 என்று வென்றார்கள். இரண்டாவது ஆட்டம் 4-4 என்று இழுத்துக்கொண்டே போனது. நான்கு மணி நேரம் கடந்தால் புதிய இன்னிங்ஸ் தொடங்கக்கூடாது என்பது அன்றைய விதி. நடுவரின் ஒரு தீர்ப்பை எதிர்த்து லோட்டே மேலாளர் வாதாடியதில் நிமிடங்கள் கரைந்தன. பத்தாவது இன்னிங்ஸில் கிண்டெட்சுவால் ஓட்டம் எடுக்க முடியவில்லை. அடுத்த இன்னிங்ஸ் தொடங்க நேரமும் போதாது. இனி வெல்ல வழியே இல்லை என்று தெரிந்த பிறகும், லோட்டே அணி ஆட வேண்டிய பாதி இன்னிங்ஸுக்காக அவர்கள் களத்தில் இறங்கி நின்றார்கள். தொலைக்காட்சி தன் இரவுச் செய்தி நிகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு அந்த ஆட்டத்தை நாடு முழுவதும் காட்டியது. அதே நாளில்தான் இன்னொரு ரயில் நிறுவனமான ஹான்க்யூ தன் அணியை இன்றைய ஓரிக்ஸ் நிறுவனத்துக்கு விற்பதாக அறிவித்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து கிண்டெட்சுவை விழுங்கியதும் அந்த ஓரிக்ஸ்தான்.

மறு ஆண்டே பட்டம் வென்றார்கள். 2001இல் ஒசாகா டோமில் ஒன்பதாவது இன்னிங்ஸில் மூன்று ஓட்டம் பின்தங்கி, மூன்று பேஸ்களிலும் ஆள் நின்ற நிலையில், மாற்று ஆட்டக்காரராக வந்த கிடகாவா அடித்த ஒரே ஹோம் ரன் நான்கு ஓட்டங்களைத் தந்து ஆட்டத்தையும் லீக் பட்டத்தையும் சேர்த்து முடித்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் அதே அணி கடைசி இடத்தில் இருந்தது.

நஷ்டம் பெரியதுதான். ஆண்டுக்குச் சுமார் 400 கோடி யென் என்று அப்போது செய்திகள் கூறின. ஆனால் 2004 ஜூனில் ஓரிக்ஸ் அணியுடன் இணைப்பு என்று அறிவித்தபோது, வாங்க முன்வந்த லைவ்டோர் என்ற இணைய நிறுவனத்தைத் திரும்பிப் பார்க்கக்கூட மறுத்தார்கள். அணிகளைக் குறைத்து இரண்டு லீக்குகளையும் ஒன்றாக்கும் பேச்சும் கூடவே ஓடியது. அப்போது எழுந்து நின்றவர்கள் ஆட்டக்காரர்கள். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் ஃபுருதா அட்சுயா யாகுல்ட் அணிக்காரர். கிண்டெட்சுவில் அவர் ஆடியதே இல்லை. செப்டம்பர் 18, 19 தேதிகளில் ஜப்பானியத் தொழில்முறை பேஸ்பாலின் முதல் வேலைநிறுத்தம் நடந்தது. ஆட்டம் இல்லாமல் ஏமாந்த ரசிகர்களே சங்கத்தின் பக்கம் நின்றார்கள். கிண்டெட்சுவைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் செண்டாய் நகரில் ரகுடென் என்ற புதிய அணி பிறந்தது. பன்னிரண்டு அணிகள் பன்னிரண்டாகவே நீடிக்கின்றன. உங்கள் கட்டுரையில் விடுபட்ட மிக முக்கியமான செய்தி இதுதான் என்று கருதுகிறேன்.

பஃபலோஸ் என்ற பெயர் ஓரிக்ஸிடம் இருக்கிறது. கிண்டெட்சுவின் சாதனைக் கணக்கு அதில் சேரவில்லை. 2021இல் ஓரிக்ஸ் பஃபலோஸ் லீக் பட்டம் வென்றபோது 25 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பட்டம் என்றே எழுதினார்கள். 1996க்குப் பின் 2001இல் இதே ஒசாகாவில் பஃபலோஸ் வென்ற பட்டம் அந்தக் கணக்கில் இல்லை. கிண்டெட்சுவின் பழைய ஃபுஜிடேரா மைதானம் இருந்த இடத்தில் இப்போது பள்ளிக்கூடம் நடக்கிறது. அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி