சமக்குறி எந்த விசையில் இருக்கிறது?

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். போன மாதம் உங்களிடம் வாங்கிய, 1980-களின் கமடோர் 64 வீட்டுக் கம்ப்யூட்டருடைய சின்ன நகல் மெஷினைப் பற்றி எழுதுகிறேன், ரசீதின் படத்தையும் இணைத்திருக்கிறேன். இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் “ஜாய்ஸ்டிக்கை மாற்றிப் பாருங்கள்” என்ற ஒரே பதில்தான் வந்தது. மாற்றியும் பார்த்துவிட்டேன், எதுவும் சரியாகவில்லை.

மெஷினின் மேல் இருக்கும் கீபோர்டு அழுந்தாத வெறும் அச்சு என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறீர்கள், அதில் எனக்குப் புகார் இல்லை. யூஎஸ்பி கீபோர்டு செருகினால் பேசிக் (BASIC) மொழியில் புரோகிராம் எழுதலாம் என்றும் அதே பெட்டியில் போட்டிருக்கிறது, நான் வாங்கியதே அந்த ஒரு வரியை நம்பித்தான். பன்னிரண்டு வயதில் அசல் மெஷினில்தான் நான் புரோகிராம் எழுதப் பழகினேன். ஆன் செய்த சில நொடிகளில் நீலத் திரை வரும், 38911 பைட் காலியாக இருக்கிறது என்று காட்டும், கீழே ரெடி என்று போட்டுவிட்டு நாம் என்ன அடிக்கப்போகிறோம் என்று காத்திருக்கும். போக் (POKE) 53280,0 என்று ஒரு கட்டளை அடித்தால் திரையின் ஓரம் கறுப்பாகிவிடும். என் மகளுக்கு இப்போது அதே வயது, அவள் அதை அடித்துப் பார்க்கவேண்டும் என்று ரொம்ப ஆசைப்பட்டேன்.

போக் வரை நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகுதான் சிக்கல். அசல் மெஷினில் ஷிப்ட்டையும் 2-ஐயும் சேர்த்து அழுத்தினால் மேற்கோள் குறி வரும், நட்சத்திரக் குறிக்கும் (*) சமக்குறிக்கும் (=) தனித்தனி விசை உண்டு. இன்றைய கீபோர்டில் இவை வேறு வேறு இடத்தில் இருப்பதால், விசையைப் பழைய இடத்தின்படி எடுத்துக்கொள்வதா அல்லது மேலே அச்சிட்டிருக்கும் எழுத்தின்படி எடுத்துக்கொள்வதா என்று செய்பவர்கள் ஏதாவது ஒன்றை முடிவு செய்யவேண்டும். உங்கள் மெஷினில் இரண்டும் கலந்து கிடக்கிறது: மேற்கோள் குறி பழைய இடத்தில் வருகிறது, நட்சத்திரக் குறி புதிய இடத்தில் வருகிறது, சமக்குறி எந்த விசையிலும் வரவில்லை. ஷிப்ட்டோடும் ஷிப்ட் இல்லாமலும் எல்லா விசையையும் அழுத்திப் பார்த்தாயிற்று. சமக்குறி இல்லாமல், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஒரு ஃபார் (FOR) வரிகூட எழுத முடியாது. மகள் நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கும் முதல் புரோகிராமில் மூன்று இடத்தில் சமக்குறி வருகிறது, அது இன்னும் நோட்டிலேயேதான் இருக்கிறது.

அடுத்து ஜாய்ஸ்டிக். என் ஜாய்ஸ்டிக்கில் பழுது இல்லை என்பதை நீங்கள் உட்கார்ந்து யோசித்தாலே தெரியும். கமடோர் 64-இல் இரண்டு ஜாய்ஸ்டிக் போர்ட் உண்டு, பெரும்பாலான விளையாட்டுகள் இரண்டாவதைத்தான் கேட்கும். முதல் போர்ட், கீபோர்டு படிக்கும் அதே மின்கம்பிகளைப் பகிர்ந்துகொள்வதால் அதில் செருகிய ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் திரையில் தேவையில்லாத எழுத்துகள் வந்து விழும். என் வீட்டில் நடப்பது அச்சு அசலாக இதேதான், விளையாட்டு அசையாது, ரெடி திரையில் எழுத்து மட்டும் கொட்டும். ஆக, நீங்கள் எல்லா ஜாய்ஸ்டிக்கையும் முதல் போர்ட்டில் கட்டிப்போட்டிருக்கிறீர்கள், மாற்றுவதற்கு மெனுவில் வழி வைக்கவில்லை. இதற்கு நான் எத்தனை ஜாய்ஸ்டிக் வாங்கினாலும் பயன் இல்லை.

பாட்டும் கெட்டுப்போகிறது. பால் (PAL) என்ற டிவி முறைக்கு எழுதிய விளையாட்டுகள் நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் திரையை நம்பி எழுதப்பட்டவை. உங்கள் மெஷின் எல்லாவற்றையும் 60-இல் ஓட்டுவதால் பாட்டு 20 சதவீதம் வேகமாக ஓடுகிறது. மூன்றே குரல் உள்ள சிட் (SID) என்ற ஒலிச் சிப்பில் அந்தக் காலத்தில் எவ்வளவு உழைத்து இசை அமைத்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கும்.

யூஎஸ்பி பென் டிரைவ் ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கவேண்டும் என்பதையும் கையேட்டில் எழுதவில்லை. என் 64 ஜிபி டிரைவ் கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் முறையில்தான் வந்தது, அது தெரியாமல் ஒரு முழு மாலை வீணாகிவிட்டது. சரி, அதை நானே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன்.

மற்றபடி படம் தெளிவாக இருக்கிறது, மெஷினும் சூடாவதில்லை. நான் சொன்ன மூன்று குறையும் மென்பொருளில் இருப்பவைதான், ஒரு ஃபர்ம்வேர் அப்டேட்டில் சரிசெய்யலாம்: கீபோர்டு முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு வசதி, ஜாய்ஸ்டிக் போர்ட்டை மாற்ற ஒன்று, 50-க்கும் 60-க்கும் மாற்ற ஒன்று. அதுவரை எந்த விசையில் எந்தக் குறி வரும் என்று ஒரு பக்கத்துக்கு அட்டவணை அனுப்புங்கள், உங்கள் இணையதளத்திலும் போடுங்கள், என்னைப்போல் இன்னும் பலர் தடவிக்கொண்டிருப்பார்கள்.

அப்டேட் எப்போது வரும் என்று 15 நாளுக்குள் தேதியோடு பதில் வேண்டும். அப்டேட் வராது என்றால் அதையாவது நேரடியாகச் சொல்லிவிட்டு, மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து இந்த முறை கடிதத்தை முழுதாகப் படித்த ஒருவர் பதில் எழுதட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்