மண்டலம் முடிக்காதவருக்கும் மந்திரம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வெள்ளிக்கிழமை ஆன்மிக இணைப்பில் மந்திர உபாசனை பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. மந்திரம் எடுத்துக்கொண்டவர் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்கார்ந்து உருவேற்ற (அதையே திரும்பத் திரும்பச் சொல்ல) வேண்டும், மனம் அலைபாய்கிறவருக்கு இதெல்லாம் ஆகாது, நடுவில் விட்டால் தெய்வக் குற்றம் வந்து சேரும் என்று அதில் எழுதியிருந்தார்கள். படித்துவிட்டு எத்தனை பேர் பயந்து போயிருப்பார்களோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

நான் வண்டிப்பாளையத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, மந்திரிப்பார். குழந்தைக்குக் கண்ணேறு, பயந்த கோளாறு என்று வருகிறவர்களுக்கு வேப்பிலைக் கொத்தால் தடவி, திருநீறு ஓதிப் பூசிவிடுவார். காசு வாங்க மாட்டார், வெற்றிலை பாக்கு மட்டும்தான். பாம்பு கடித்தது என்று யாராவது வந்தால் வாசலிலேயே நிறுத்தி, பெரியாஸ்பத்திரிக்கு ஓடு என்று விரட்டிவிடுவார். அவருடைய மந்திரம் எனக்கு வந்தது. செவ்வாய், வெள்ளி சாயங்காலங்களில் இப்போதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

எனக்கு ஏ.டி.எச்.டி. இருக்கிறது; கவனம் ஓரிடத்தில் நிற்காத, சிலருக்குத் துறுதுறுப்பும் அடங்காத நிலை அது. பையனுக்கு வகுப்பில் கவனமே நிற்கவில்லை என்று புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவனைப் பற்றிக் கேட்ட கேள்விகளை அப்புறம் அவர் என் பக்கம் திருப்பினார். 12 வயதுக்கு முன்பே இந்த அறிகுறிகள் இருந்தனவா என்பது இதில் முக்கியமான கேள்வி. மேஜை மேல் ஏறிக் குதிக்கிற பையனை டீச்சர் உடனே கவனித்துவிடுவார். ஜன்னலைப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையை யாரும் கண்டுகொள்வதில்லை. அப்படிப்பட்ட பல பெண்களுக்குத் தங்கள் பிள்ளையைக் காட்டப் போகும்போதுதான் தங்கள் சங்கதியே தெரிய வருகிறது. குடும்பத்தில் தலைமுறையாகத் தொடரக்கூடிய ஒன்று இது. ஆயாவுக்கும் இருந்திருக்கும் என்று எனக்குப் பலமாகத் தோன்றுகிறது. அடுப்பில் உலையை வைத்துவிட்டுத் தெருக்கோடிக்குப் போய்விடுவார். ஆனால் வேப்பிலையைக் கையில் எடுத்தால் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார்.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் கட்டுரையாளர் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களிடம் கவனம் இருக்கிறது. அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். 2025 செப்டம்பர் 7ஆம் தேதி இரவு முழு சந்திர கிரகணம் வந்தது. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் பிடித்து, ஒன்றரை மணிவாக்கில் விட்டது. கிரகணத்தில் ஏற்றுகிற உருவுக்குப் பலமடங்கு பலன் என்பது எங்கள் வழிவழி நம்பிக்கை. மொட்டை மாடியில் உட்கார்ந்தவள் கிரகணம் விடும்வரை எழுந்திருக்கவில்லை, தண்ணீர் குடிக்கக்கூடத் தோன்றவில்லை. மறுநாள் காலை அதே மந்திரத்தைச் சொல்ல உட்கார்ந்தால், கால்வாசி மாலை உருளுவதற்குள் எழுந்து மெஷினில் நூல் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்தி ராத்திரி இருந்து காலையில் காணாமல் போய்விடுமா? மூளை வேலை செய்கிற விதம் அப்படி.

இப்படிப்பட்டவருக்கு 48 நாள் கணக்கைக் கொடுத்து, தப்பினால் தண்டனை என்று சொன்னால் என்ன ஆகும்? மறதி இந்த நிலையின் முக்கியமான அறிகுறிகளில் ஒன்று. மறப்பார். மறந்ததற்குப் பயப்படுவார். வீட்டில் அடுத்து எது நடந்தாலும், பால் பொங்கி வழிந்தால்கூட, அந்தக் குற்றத்தால்தான் என்று நினைப்பார். இப்படி நடுங்கிக்கொண்டு வருகிற பெண்களை நான் பார்க்கிறேன். மந்திரித்துத் திருநீறு பூசுவதைவிட, உனக்கு ஒரு குற்றமும் வராது என்று உட்காரவைத்துச் சொல்வதுதான் அவர்களிடம் எனக்குப் பெரிய வேலையாக இருக்கிறது.

நாள் கணக்கு ஒத்துவராதவர்கள் திதிக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். அமாவாசையும் பௌர்ணமியும் நாட்காட்டியிலேயே அச்சடித்து வருகின்றன, தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. ஒன்று தவறினால் அடுத்தது தானாக வருகிறது. உட்கார முடியாதவர் நடந்துகொண்டே சொல்லட்டும். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டே சொன்னால் எனக்கு மனம் நிற்கிற மாதிரி வேறெங்கும் நிற்பதில்லை. 108 எண்ணும்போது எண்ணிக்கை விட்டுப்போகிறவர்கள் புளியங்கொட்டை 108 எடுத்து, ஒரு தடவை சொல்வதற்கு ஒன்றாக ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றலாம். நடுவில் எழுந்து போனாலும் திரும்பி வந்து விட்ட இடத்தில் தொடரலாம், கொட்டை அங்கேயேதான் இருக்கும். எங்கள் முறையில் கைக்கு வேலை நிறைய உண்டு: எலுமிச்சை அறுப்பது, குங்குமம் தடவுவது, உப்பு மிளகாய் சுற்றுவது, தகட்டில் எந்திரக் கட்டம் கீறுவது. கை ஓடிக்கொண்டிருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு மனம் தங்கும். நெருப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். இராத்திரி முழுக்க எரிகிற விளக்கு வேண்டாம், ஒரு கட்டிக் கற்பூரம் போதும். அது அணையும்வரை எதிரிலேயே இருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரதம் இருக்கும்போது ஆங்கில மருந்து கூடாது என்று சில மாந்திரீகர்கள் பத்தியம் சொல்கிறார்கள். கட்டுரையிலும் அந்தச் சாயல் இருந்தது. நான் ஏ.டி.எச்.டி.க்கான மெத்தில்பெனிடேட் மாத்திரை சாப்பிடுகிறேன், மந்திரமும் சொல்கிறேன். எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மாத்திரை பலருக்குப் பசியைக் குறைக்கும். அதனால் பட்டினி விரதம் எடுக்க நினைப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கட்டுரை வந்த அதே நாளில் விளம்பரப் பக்கத்தில் ‘படிப்பில் கவனமில்லாத பிள்ளைகளுக்குத் தாயத்து, ஒரே வாரத்தில் மூளைக் கோளாறு தீரும்’ என்று ஒரு கட்டமும் இருந்தது. மந்திரிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், என் மந்திரத்தால் என் பையனின் ஏ.டி.எச்.டி. தீராது, எனக்கும் தீராது. பயந்த பிள்ளைக்குத் தெம்பு வரும், தாய்க்கு மனசு ஆறும், எனக்கு அன்றைய நாள் ஒழுங்காகும். அதற்காகத்தான் செய்கிறேன். தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டிலேயே ஒரு மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அதன் அட்டவணையில் மூளைக் கோளாறுகளும் நரம்பு மண்டலக் கோளாறுகளும் இருக்கின்றன. முதல் முறை தண்டிக்கப்பட்டால் ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இதை நம்பிக் காசைக் கட்டிவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்த அம்மாக்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். பிள்ளைக்குப் படிப்பில் ஒரு வருஷம் போய்விடுகிறது, அதை யார் திருப்பிக் கொடுப்பது?

அந்தத் தாயத்து விளம்பரத்தை இனி வாங்காதீர்கள். அப்புறம், அடுத்த வெள்ளி இணைப்பில், உபாசனை செய்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது, நாள் தவறினால் தெய்வக் குற்றம் கிடையாது என்ற இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி (பெயர் வெளியிட வேண்டாம்),
வண்டிப்பாளையம், கடலூர்.