பிரகாசம் சாலையை நடுக்கோடாக வைக்கச் சொல்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். சென்னை ஜார்ஜ் டவுனைப் பற்றி அவள் கட்டுரை எழுதப்போகிறாளே, கோயில், மசூதி, சர்ச் என்று பட்டியல் போடவேண்டாம் என்று சொல். பிரகாசம் சாலையை நடுக்கோடாக வைத்துக்கொள்ளட்டும்.

கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. 1707இல் வலங்கை, இடங்கை என்ற இரண்டு சாதி அணிகளின் சண்டை முற்றியபோது இடங்கையருக்கு முன்னதும் வலங்கையருக்குப் பின்னதும் என்று பிரித்தார்கள். நடுவில் கிடந்த பள்ளத்தைத் தூர்த்துப் பிறகு போட்டதுதான் பழைய பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை.

அதற்கும் முந்தைய கறுப்பர் நகரம், அதாவது இந்தியர்கள் குடியிருந்த பகுதி, செயின்ட் ஜார்ஜ் கோட்டையை ஒட்டி, இப்போது ஹைகோர்ட் இருக்கும் இடத்தில் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். எதிரிக்கு மறைவிடமாகும் என்று அவர்களும், பிறகு ஆங்கிலேயர்களும் வீடுகளை இடித்து வெட்டவெளியாக்கினார்கள். இனி இங்கே கட்டக்கூடாது என்று 1773இல் நட்ட எல்லைத் தூண்களில் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. கட்டுரைக்காக அவள் நடந்து பார்க்கும்போது அங்கே தொடங்குவதுதான் சரி.

அடுத்து அரண்மனைக்காரன் தெரு. 1772இல் எழுந்த ஆர்மீனியர் தேவாலயம், கத்தோலிக்கர்களின் மாதா கோயில், கச்சாலீஸ்வரர் கோயில் மூன்றும் ஒரே தெருவில். உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தரார் 1794இல் வெளிவந்தது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியாரின் கல்லறை அந்தத் தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். இன்னும் வடக்கே போனால் மண்ணடி, பள்ளிவாசல்கள்.

மேற்கே சௌகார்பேட்டை. மிண்ட் தெருவில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள். கோடவுன் தெரு என்றால் ஜவுளி, ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், நைனியப்ப நாயக்கன் தெரு என்றால் மருந்துச் சரக்கு. வெளியூர் வியாபாரி ஒரே தெருவில் பத்துக் கடை ஏறி விலை கேட்டு, அன்றைக்கே பார்சல் சர்வீஸில் போட்டுவிட்டுப் போகலாம். அதனால்தான் தெருவுக்கு ஒரு சரக்கு என்ற வழக்கம் நிலைத்தது. காய்கறி மட்டும் 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து கோயம்பேட்டுக்குப் போனது.

மனைகளைக் கட்டாயம் கவனிக்கட்டும். முகப்பு குறுகல், உள்ளே நீளம்: முன்னால் கடை, பின்னால் சரக்கு, மாடியில் குடும்பம். இடித்து நாலைந்து மாடி ஏற்றியபோது சரக்கு பெருகியது, தெருவின் அகலம் அப்படியே நின்றுவிட்டது. மீன்பாடி வண்டி ஒன்று இறக்க நின்றாலே தெரு அடைத்துக்கொள்கிறது என்றால் காரணம் இதுதான்.

காரில் போகவேண்டாம், மண்ணடி மெட்ரோ போதும். ஞாயிறு பல மொத்தக் கடைகள் திறக்காது. வேலைநாளில் காலை எட்டு மணிக்கே போனால் கோயில் நடை சாத்துமுன் கிழக்குப் பக்கம் முடிந்துவிடும். கடைத்தெருக்களை அதன்பிறகு பார்க்கலாம்.

எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரகு