நாலத்தனை

பாளையங்கோட்டை,
நவம்பர் மாதம், மழை நாள்.

அன்புள்ள மக்கா,

உன் ஊர்ப் பாஷையிலேயே கூப்பிட்டுவிட்டேன், கோபப்படாதே. கல்லறைத் திருநாளுக்கு மணக்குடி போய் வந்ததாக எழுதியிருந்தாய். உன் சித்தி கல்லறைக்கு வெள்ளையடித்தது நல்ல காரியம். இங்கே எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று. இப்போது பார்க்கிற எல்லாமே கொஞ்சம் அதிக வெளிச்சமாகத் தெரிகிறது, நாற்பது வருஷமாகக் குடியிருக்கிற வீட்டுச் சுவரின் அழுக்கு உட்பட. முட்டிவலி பழையபடியே.

இந்தத் தடவை செய்தி சொல்ல மட்டும் எழுதவில்லை. எங்கள் தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரை உனக்குத் தெரியும், நீ வரும்போதெல்லாம் கருப்பட்டி வாங்குவாயே, அவர்தான். அவருடைய மூத்த பையன் போன மாதம் நான்குவழிச் சாலையில் பைக்கில் போகும்போது லாரியில் அடிபட்டு இறந்துபோனான். இருபத்துநாலு வயது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெபத்துக்கு வெளியூர் தேவ ஊழியர் ஒருவர் வந்திருந்தார். ஆறுதல் சொல்வார் என்று எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அவர் யோசுவா புத்தகத்தைத் திறந்து ஆகானை எடுத்தார். கூடாரத்துக்குள் புதைத்து வைத்த பொன்பாளத்தால் இஸ்ரவேல் முழுவதும் தோற்றுப்போனதைச் சொல்லி, "இந்த வீட்டிலும் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்" என்று முடித்தார். காபி குடித்துவிட்டுப் போயும் விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பையனின் அம்மா என் வீட்டுப் படியில் வந்து உட்கார்ந்தாள். கண் வற்றிப்போயிருந்தது. "சார், கோயில் கொடைக்கு எதிர் வீட்டு அக்கா பொங்கல் குடுத்தா. முகத்தை முறிச்சுக்கக் கூடாதேன்னு ஒரு வாய் சாப்பிட்டேன். அதுவா சார்?" என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டு மாசம் தசமபாகம் குடுக்கல. அதுவா?" ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தன் வாழ்க்கையை அரிசி புடைப்பதுபோலப் புடைத்துப் பார்த்திருக்கிறாள், மக்கா. மகனைக் கொல்லும் அளவுக்குப் பெரிய கல் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் குறுணைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

எனக்கு உடனே உன் ஞாபகம்தான் வந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. உங்கள் ஊர்ப் பாலத்தையே சுனாமி அலை அடித்துக்கொண்டு போன வாரத்தில் நான் வந்திருந்தேன். வேளாங்கண்ணிக் கரையில் யாத்திரைக்கு வந்தவர்கள் குடும்பம் குடும்பமாகச் செத்துக்கிடந்த நேரம். அதற்குள்ளேயே யாரோ துண்டுப்பிரதி அச்சடித்துவிட்டார்கள், சிலை வணக்கத்துக்குக் கிடைத்த நியாயத்தீர்ப்பு என்று. நீ அதைச் சுருட்டி என் சட்டைப் பையில் வைத்து, "என் சித்தி கருவாடு காயப்போட்டுக்கிட்டு நின்னா. அதுல என்ன பாவம்டே?" என்று கேட்டாய். அச்சடித்தவர்கள் எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்து ஆட்கள் என்பதால் எனக்கு வாய் எழவில்லை.

இது நம் காலத்து வழக்கமும் இல்லை. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்களின் திருநாள் அன்று காலையில் லிஸ்பனில் பூமி அதிர்ந்தது. ஜனங்கள் பூசைக்குக் கோயில்களில் கூடியிருந்த நேரம். கூரை விழுந்தது. பீடத்தில் ஏற்றிய மெழுகுவத்தியே தீயாகப் பரவியது, ஆற்றங்கரைக்கு ஓடினவர்களைக் கடல் வந்து எடுத்தது. மலக்ரீடா என்ற இயேசுசபைக் குருவானவர் அடுத்த வருஷமே ஒரு சிறு புத்தகம் போட்டார். இதற்குக் காரணம் இயற்கை இல்லை, நம் பாவம்தான், வீடு கட்டுவதை விட்டு மனஸ்தாபப்படுங்கள் என்று. 1761-இல் அதே லிஸ்பனில் அவரையே சபையின் போதனையை மீறிய பதிதர் என்று தீர்ப்பிட்டுக் கழுத்தை நெரித்து எரித்தார்கள். அதையும் யாராவது தேவ தண்டனை என்று சொல்லியிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

சரி, அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன் என்று கேட்பாய். லூக்கா பதின்மூன்றை வாசித்துக் காட்டினேன். "சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேரைக் கொன்றதே" என்று இயேசுவே எடுத்துச் சொல்கிற இடம். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டுவிட்டு, அப்படியல்ல என்கிறார். அவள் 'அப்படியல்ல' என்ற இடத்தில் விரலை வைத்து, "இது அவரே சொன்னதா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு எழுந்து போனாள்.

அவள் போனபிறகுதான் மீதியை வாசித்தேன். அவளுக்கு வாசிக்கவில்லை, வேண்டுமென்றேதான் விட்டேன். ஏனென்றால் அந்த வசனம் அங்கே நிற்காது. மனந்திரும்பாமற்போனால் நீங்கள் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்று கேட்டவர்கள் பக்கமே திரும்பிவிடுகிறது. அடுத்த மூச்சில் காய்க்காத அத்திமரத்தின் கதை. வெட்டிப்போடு என்கிறான் தோட்டத்துச் சொந்தக்காரன், இந்த ஒரு வருஷம் இருக்கட்டும், கொத்தி எருப்போட்டுப் பார்க்கிறேன் என்று கெஞ்சுகிறான் தோட்டக்காரன். ஆக, அவர் நியாயத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்யவில்லை. அடுத்தவன் பிணத்தின்மேல் அதை வாசிக்காதே என்கிறார். ஆகான் கதையில்கூட ஆகானைக் கண்டுபிடித்தது கர்த்தர் போட்ட சீட்டு, காபி குடிக்க வந்த ஊழியர் இல்லையே!

உங்கள் பாட்டி ஜெபம் சொல்லும்போது 'நடுத்தீர்வை' என்பாள், ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் நியாயத்தீர்ப்பு என்போம். விடுதியில் அதற்காகவே உன்னைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்கிறது. நடுவில் நிற்கிறவன் செய்கிற தீர்வை. எமனுக்கே நடுவன் என்றுதானே நம் ஆட்கள் பேர் வைத்தார்கள். அது வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கர்த்தர் நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் காட்டு விருட்சங்களெல்லாம் கெம்பீரிக்கும் என்று சங்கீதம் பாடுகிறது. மரங்களுக்கு அதில் என்ன சந்தோஷம் என்று சின்ன வயதில் யோசிப்பேன். வெட்டுப்பட்டவனுக்குத்தான் தீர்ப்பு நல்ல செய்தி. வெட்டினவனுக்கு வயிற்றைக் கலக்கும்.

இந்த இடத்தில்தான் என் விஷயம் வருகிறது. உன்னிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

1987. பத்தாம் வகுப்புப் பரீட்சைப் பணம் நான்தான் வசூலித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் நாற்பத்தைந்து ரூபாய் குறைகிறது. கடைசி பெஞ்சில் ஒரு பனையேறியின் பையன். காரணம் எதுவும் இல்லை, அவனுடைய சட்டைதான் காரணம். எல்லாருக்கும் முன்னால் அவன் பையைக் கொட்டினேன். ஒரு நோட்டு, ஒரு பிளேடு, துணியில் முடிந்த இருபது ரூபாய். அரிசி வாங்க அம்மா தந்தது என்றான். நம்பவில்லை. மீதி இருபத்தைந்து எங்கே என்று கேட்டேன். அவன் அழவில்லை. கொட்டினதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தான், பிளேடைக் கடைசியில் எடுத்தான், அதை நோட்டுக்குள் சொருகினான். மறுநாள் வரவில்லை.

எட்டு நாள் கழித்து வருகைப் பதிவேட்டின் காக்கி அட்டைக்குள் அந்த நாற்பத்தைந்தும் மடங்கிக் கிடந்தது. நானே சொருகி வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாமல் கணக்கில் சேர்த்தேன். ஒரு தடவை அவன் ஊர் பஸ் நிறுத்தம் வரை போனேன். இறங்கி ஒரு சோடா குடித்துவிட்டு, எதிர் பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். அவன் பரீட்சை எழுதவே இல்லை.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு பையன் பையையும் நான் தொட்டதில்லை. திருடினவனையும் திட்டியதில்லை. "நல்ல சார், தங்கமான சார்" என்று பேர் வாங்கினேன். உண்மையில் எனக்கு நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். தாவீது கதையை இப்போது வாசித்தால் அந்த இடம்தான் உறைக்கிறது. அடுத்தவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் புருஷனையும் சாகவைத்த ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதை சொல்கிறான். தாவீது கொதித்துப்போய், நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திரும்பக் கொடுக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்கிறான். நீயே அந்த மனுஷன் என்றதும் ஒடுங்கிப்போகிறான். மன்னிப்பு அப்போதே கிடைத்துவிடுகிறது. ஆனால் பின்னால் சொந்த மகன் அம்னோன் தங்கையைக் கெடுத்தபோது, தாவீதுக்குக் கோபம் வந்தது என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. மகனைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டதாக இல்லை. எப்படிக் கேட்பான்? அவளுடைய அண்ணன் அப்சலோம் அம்னோன்மேல் கத்தி எடுத்தது அந்த மௌனத்துக்குப் பிறகுதான். பட்டயம் வீட்டைவிட்டு விலகாது என்று நாத்தான் சொன்னதற்கு, வானத்திலிருந்து ஒன்று விழும் என்றுதான் அர்த்தம் என நினைத்திருந்தேன். தகப்பன் வாய் அடைத்துப்போவதும் அதுதான் போலிருக்கிறது. (பத்சேபாளின் குழந்தை செத்தது மட்டும் எனக்கு இன்றைக்கும் செரிக்கவில்லை. பிதாக்கள் திராட்சக்காய் தின்றால் பிள்ளைகள் பல் கூசாது என்று எசேக்கியேல் அடித்துச் சொல்கிறான். இரண்டும் ஒரே வேதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்.)

உங்களுக்காவது அந்தப் பலகணிக்கு முன் முழங்கால் போட்டு, இன்னதைச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாங்கள் எல்லாரும் சேர்ந்து பொதுவாக அறிக்கை செய்துவிடுகிறோம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு நற்கருணை ஞாயிறும் அந்தக் கூட்டத்துக்குள் என் நாற்பத்தைந்து ரூபாயும் மறைந்து நின்றது. ஏய்த்து வாங்கினதைத் திருப்பித் தருகிறேன் என்று ஆயக்காரன் சகேயு மரத்திலிருந்து இறங்கினதும் சொன்ன வார்த்தையும் நாலத்தனைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நூற்றெண்பது ரூபாய். ஒரு பையனின் பத்தாம் வகுப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் சொன்னான், அந்தப் பனையேறியின் பையன் இப்போது உங்கள் நாகர்கோவிலில்தான் இருக்கிறானாம். வடசேரி பஸ் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி வெல்டிங் பட்டறை, மூன்று பேர் வேலை செய்கிறார்களாம். பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறானாம். அதைக் கேட்டதும் ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்கே பிடிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பத்து மணிக்கு வடசேரியில் இறங்குவேன். நீ வந்து நில். பட்டறை வரை வரவேண்டாம், அதற்கு முன்னால் ஏதாவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்திரு. நான் எதிர் பஸ்ஸில் ஏறுகிறேனா என்று பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.

வீட்டில் மீன்குழம்புக்குச் சொல்லிவை. எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது, நீங்கள் முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

உன் பழைய அறைத்தோழன்.